யானைப் பாட்டின் சத்தம்

"மலைபோல யானை வருது, மடமடன்னு மரம் விழுது" என்று மகள் இன்று மேசையைத் தட்டிப் படித்தாள். நாங்கள் படித்த அதே பாட்டு. இரத்தோட்டைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், தகரக்கூரை மழையையும் மீறி, 'மடமட' வந்ததும் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் வாங்குப் பலகைகளைக் குத்துவோம். அந்தச் சத்தம் கீழே நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகள்வரை உருண்டு போகும்.

காய்ச்சலில் நான் லயத்தில் படுத்திருந்த ஒரு மழைநாளிலும் அது உருண்டு வந்தது. அடுப்படியில் அம்மா சிரித்தாள்.

"கேட்டியா, ஒங்க வகுப்புல யானை வந்துருச்சு."

சத்தம் நிற்கவில்லை. அம்மா வாசலுக்கு ஓடி மேலே பார்த்தாள். பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் மலை சரிந்து கிடந்தது.

"அம்மா, இதுல உவமை எது?" என்றாள் மகள்.

சொல்லிக்கொடுத்தேன். மேசையைத் தட்டாமல் படிக்கச் சொன்னேன்.