தூக்கத்தில் செத்தவர்

அவருக்குத் தெருவில் பேர் சாவிக்காரர். மாடிப்படிக்குக் கீழே கடை. உள்ளே ஓர் ஆள் திரும்பினால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும். எந்தப் பூட்டையும் திறந்துவிடுவார். அவர் வாய்க்குத்தான் பூட்டே கிடையாது.

சில வருஷங்களுக்கு முன்னால் கல்லீரல் கெட்டு, வயிறு பானையாக வீங்கி, இன்றோ நாளையோ என்று கிடந்தார். அக்காதான் தன் கல்லீரலில் பாதியை அறுத்துக் கொடுத்துக் காப்பாற்றினாள். ஆனால் வந்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை விழுங்க வேண்டும். அந்த மாத்திரையோ போகப் போக சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால் டாக்டர்கள் ஒரு புது வைத்தியம் செய்து பார்த்தார்கள். ஸ்டெம் செல்களை ரத்தத்தில் ஏற்றி, புதுக் கல்லீரலை உடம்புக்குப் பழக்கிவிட்டு, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. முதலில் ஏற்றிக்கொண்ட சிலரில் இவரும் ஒருவர். அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: நாள்பட்டுக் கெடுதல் ஏதும் வருகிறதா என்று பார்க்க வருஷா வருஷம் வந்து உடம்பைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் போனார். உடம்பு தேறியது, கூடவே திமிரும் தேறியது. "நல்லா இருக்கிற உடம்பை எதுக்கு நோண்டணும்?" என்பார். உள்ளுக்குள் பயம், நோண்டினால் ஏதாவது கிளம்பிவிடுமோ என்று. அதை ஒப்புக்கொள்வாரா? ஆஸ்பத்திரி நர்ஸ் போன் செய்தால், "அடுத்த வாரம் வரேம்மா" என்பார். அந்த வாரம் வரவே வராது.

ஒரு நாள் கடையில் இரண்டு பேர் நின்றிருக்கும்போது நர்ஸ் போனில் கூப்பிட்டாள். அவர்களுக்கு வேடிக்கை காட்டும் நினைப்பில் குரலைக் கரகரவென்று மாற்றிக்கொண்டு, "அவர் இறந்துட்டாரேம்மா" என்றார்.

அந்தப் பக்கம் நர்ஸின் குரல் தாழ்ந்தது. "எப்படிங்க?"

"தூக்கத்துலயே போயிட்டார்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அப்போதாவது, சும்மா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். இவரும் போனை வைத்துவிட்டுச் சிரித்தார். அந்த எண் இனிமேல் வராதபடி தடுத்தும் வைத்தார். அட பாவி மனுஷா!

மாசங்கள் போயின. ஒரு மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவு தட்டப்பட்டது. அக்கா திறந்தாள்.

"அக்கா, என்னைத் தெரியுதா? அப்போ வார்டுல உங்களைப் பார்த்துக்கிட்ட நர்ஸ். நீங்க வீடு மாத்திட்டீங்க, தேடித் தேடி இப்பத்தான் கண்டுபிடிச்சேன். தம்பி போனதுல இருந்து மனசே ஆறலக்கா."

"எந்தத் தம்பி?" என்றாள் அக்கா.

உள்ளே சாவிக்காரர் கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார். பின்வாசல் எங்கே என்று கண் தேடியது. அந்த வீட்டுக்குப் பின்வாசலே இல்லை.

"அவர் எதனால போனார்னு தெரியணும்க்கா. நாங்க ஸ்டெம் செல் ஏத்தினதாலதான் ஏதாவது ஆச்சோன்னு புதுசா யாருக்கும் ஏத்தாம நிறுத்தி வெச்சிருக்காங்க. ஒரு வாத்தியார் அதுக்காகவே காத்துட்டிருக்கார். மாத்திரையால அவர் கிட்னி நாளுக்கு நாள் போயிட்டிருக்கு."

அக்கா கதவை அகலமாகத் திறந்தாள். "உள்ள வாம்மா. சாப்பிட்டுட்டு இருக்கான். நீயே கேளு."

நர்ஸ் அலறவில்லை, திட்டவும் இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்காக அழுதேன் சார்" என்றாள். பிறகு, "நாளைக்குக் காலையில வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

போனில் செய்ததை அக்காவிடம் சொன்னார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அக்கா தட்டை எடுக்க வந்தாள்.

"ஏண்டா, செத்துட்டேன்னு சொன்னியே, உனக்குள்ள இருக்கிற கல்லீரல் என்னோடதுல பாதிதானே? அதையும் சேர்த்துத்தானே சாகடிச்சே?"

ஊரையே பேச்சில் மடக்கும் மனிதர் வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் கடையையும் திறக்கவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நன்றாகவே இருந்தது. டாக்டர் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை என்று இவருக்கு இருந்தது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதர். வீங்கிய கால் செருப்புக்குள் நுழையாமல் மேலேயே கிடந்தது.

"உங்களுக்கும் கல்லீரலா?" என்று அந்த மனிதர் கேட்டார். "ஸ்டெம் செல் ஏத்தினாங்களா?"

"ஆமாங்க. ஏழு வருஷமாச்சு."

"ஏழா! நல்லா இருக்கீங்களே!" மனிதரின் முகம் மலர்ந்தது. "நான் வாத்தியாருங்க. எனக்கும் ஏத்தறதா இருந்தாங்க. அதுக்குள்ள யாரோ ஒருத்தர் தூக்கத்துலயே போயிட்டார்னு நிறுத்திட்டாங்க. பாவம், எந்த வீட்டுப் பிள்ளையோ. தினமும் அவருக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்குவேன்."

நைசாக எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. நினைத்ததற்கே உடம்பு கூசியது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஆள் நான்தாங்க. வரச் சோம்பல்பட்டு வேற குரல்ல பொய் சொல்லிட்டேன்."

வாத்தியார் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார். கன்னத்தில் ஒரு அறை விழும் என்று சாவிக்காரர் காத்திருந்தார். விழுந்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார்.

"அப்போ, யாரும் சாகலையா?" என்றார் வாத்தியார்.

"இல்லைங்க."

வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, தன் வகுப்புப் பையனிடம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்: "இனிமே வருஷா வருஷம் வந்துடுவீங்கதானே?"

"வந்துடறேங்க" என்றார் சாவிக்காரர். இந்தத் தடவை அவர் குரலை மாற்றவில்லை. அதுவாகவே உடைந்து, யாரோ பேசுவதுபோல் வந்தது.