பௌர்ணமியன்று வந்த ரிசல்ட்

கடலை மூட்டையில் பூஞ்சை ஏறினால் எங்கள் வீட்டில் அதைத் தனியாக ஒதுக்கி வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் என்னையும் அப்படித்தான் ஒதுக்கி வைத்தார்கள். குடல் ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் குழாய் போட்டு, அதன் வழியாகவே சத்தும் மருந்தும் ஏற்றிக்கொண்டிருந்தபோது காய்ச்சல் வந்தது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அது இறங்கவில்லை. ரத்தத்தைப் பரிசோதித்த டாக்டர், அதில் பூஞ்சை வளர்கிறது என்றார். மற்ற நோயாளிகளுக்கும் தொற்றக்கூடிய வகையாம். கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு, கையில் வேறு மருந்து ஏற்றி, தனி அறைக்கு மாற்றினார்கள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்க்க வந்த பெரியப்பா மகன் கதவோரமே நின்றுகொண்டு, "ஈரத்துல படுக்க வச்சிருப்பாங்க, அதான் பூத்துடுச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எரிச்சலாக வந்தது.

உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் நீல அங்கியும் கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டுதான் வர வேண்டும். என் மனைவி நெற்றியைத் தொட்டாலும் ரப்பர்தான் பட்டது. சாவு பயத்தைவிட அதற்குத்தான் அதிகம் அழுதேன்.

"மறுபடியும் ரத்தம் எடுத்திருக்கோம். அதுல வளரலைன்னா பயமில்ல. வளந்துச்சுன்னா கஷ்டம்தான்" என்று டாக்டர் எங்கள் இருவரிடமும் சொல்லியிருந்தார். பௌர்ணமியன்று ரிசல்ட் வந்துவிடும் என்றார்.

அன்றைக்குப் பார்த்து என் மனைவி, "வேண்டிக்கிட்டேங்க, மலை சுத்திட்டு வந்துடறேன்" என்றாள். இருந்த சொந்தக்காரர்களும் அவளோடு கிளம்பிவிட்டார்கள். எனக்காக நடக்கிறவர்களை நான் என்ன குறை சொல்ல முடியும்? எங்கள் ஊரில் நோயாளியின் பக்கத்தில் உட்காருகிறவரைவிட, அவருக்காக மலை சுற்றுகிறவருக்குத்தான் மரியாதை ஜாஸ்தி.

சாயங்காலம் டாக்டர் வந்தார். "வளரலைங்க. ரத்தம் சுத்தமா இருக்கு." மருந்து இன்னும் கொஞ்ச நாள் ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

உடனே மனைவிக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்குப் போட்டால் லைனே கிடைக்கவில்லை. ஊர் கொள்ளாத ஜனம் ரோட்டில் போகும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. பிழைத்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு ஆள் இல்லை. மலையைச் சுற்றுவதற்குப் பதில் என் கட்டிலை ஒரு தடவை சுற்றியிருந்தால் போதாதா என்று கோபம் கோபமாக வந்தது.

காலையில் அங்கியை மாட்டிக்கொண்டு விந்தி விந்தி வந்தாள். வெறுங்காலோடு நடந்ததில் பாதமெல்லாம் கொப்புளம்.

"நேத்தே சொல்லிட்டாங்க. ரத்தம் சுத்தமாயிடுச்சாம். எத்தனை தடவை போன் பண்றது?" என்றேன்.

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"போனை வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டேங்க."

"கூட்டத்துல தொலைஞ்சிடும்னா?"

"இல்லைங்க. ரிசல்ட் வர்ற நேரத்துல உங்க மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்க எனக்கு தைரியம் இல்ல. அவங்களோடவும் நடக்கல. பின்னாடி தங்கி தனியாத்தான் வந்தேன். அந்தக் கூட்டத்துல யாரும் என்கிட்ட வந்து எதுவும் சொல்ல மாட்டாங்கல்ல."

அவளுக்காகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. நகர்ந்து படுத்து இடம் விட்டேன். கட்டிலில் உட்காரக் கூடாது என்று நர்ஸ் வந்து எழுப்பும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.