சத்தம் வராமல் துடைத்தவர்

போடி வழியாகக் கம்பத்துக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போனேன். கோம்பை அருகே ஒரு பழைய வீட்டில் இசைக்கருவி அருங்காட்சியகம் என்று பலகை இருந்தது. உள்ளே காவல்காரர் மட்டும்தான். ஒட்டிய கன்னம், தோள் இறங்கிய காக்கிச் சட்டை. ஆர்மோனியத்தையும் கிராமபோனையும் வேகமாகத் துடைத்தவர், பறையை மட்டும் தூங்கும் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல், சத்தமே வராமல் துடைத்தார்.

ஏன் என்று கேட்டேன்.

“தோலு நல்லாருக்கான்னு ஒருநா ரெண்டு அடி அடிச்சுப் பாத்தேன் சார். திருவிழா இல்லாத நாள்ல பறை கேட்டா எழவுதான? இங்கன தங்குறது நான் மட்டுந்தான். தெருவே ஓடியாந்துருச்சு. மாலகூடக் கொண்டாந்தாக.”

“திட்டுனாங்களா?”

“இல்ல சார். நான் நிக்கிறதப் பாத்துட்டு, ஒக்காந்து பேசிட்டுப் போனாக. அன்னைக்கி ஒருநாத்தான் இங்கன நிக்க எடமில்ல.”

“அப்புறம் அடிக்கவே இல்லையா?”

“சும்மா சும்மா அடிச்சா, நெசமா அடிக்கிறப்ப வரமாட்டாகல்ல.”

சொல்லிவிட்டு மறுபடி துடைக்கத் தொடங்கினார். நிஜமாக அடிக்க வேண்டிய அந்த நாளில் அதைக் கையில் எடுக்க உள்ளே யார் இருப்பார்கள் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.