மண்டபத்தில் சொன்ன கவிதை

மகாதேவனுக்கு வேலை போய் நாற்பத்தொரு நாள். மராத்திக்காரர்கள் ஊரான போசரியில், ஒரு பட்டறையில் லேத் மெஷின் முன்னால் இருபத்திரண்டு வருஷம் நின்ற கால். சும்மா உட்காரச் சொன்னால் அதற்குத் தெரியாது. பெண்டாட்டி பட்டுவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவள் கட்டிக் கொடுக்கும் டப்பாவோடு ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையுமுன் சட்டைக் கையில் இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய். பொய்க்கும் வாசனை வேண்டுமே.

நடுவில் பகல் என்று ஒன்று கிடக்கிறதே, அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? ஊருக்குள் பழைய அரண்மனைத் தோட்டம் ஒன்று உண்டு. நடுவே கல்மண்டபம். எந்தக் காலத்திலோ ஒரு ராஜா இளைப்பாறவும் கவிதை கேட்கவும் கட்டியது. இப்போது கிழவர்கள் கூடுகிற இடம். பதினொரு மணிக்கு மண்டபத்துக்குள் இருப்பவன் எவனாக இருந்தாலும் ஒரு கவிதை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் புல்தரையில் போய் உட்கார வேண்டியதுதான். அது அவர்கள் வழக்கம். மகாதேவன் நாற்பது நாளும் புல்தரைதான்.

அன்று மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. போக்கிடம் இல்லை. மண்டபத்தில் ஏறிவிட்டார்.

"வாய்யா மெட்ராஸ்காரா, இன்னிக்கு மாட்டினே!" என்று மராத்தியில் பிடித்துக்கொண்டார் ஒரு பழைய தபால்காரர். "உன் பாஷையிலயே சொல்லு. அர்த்தம் யார் கேட்டா?"

யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். மகாதேவன் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வேலை போயிடுத்து, பட்டு.
சொல்ல வாய் வரலை.
எண்ணெயைத் தடவிண்டு ஆத்துக்கு வரேன்.
உன் தயிர்சாதம் தொண்டையில இறங்க மாட்டேங்கறது.
எங்கே போறதுன்னு கால் கேக்கறது.
எனக்குத் தெரியலை."

"வாஹ்! கியா பாத் ஹை!" பலே பலே என்று கிழவர்கள் தொடையில் தட்டினார்கள்.

மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவர் அப்போதுதான் செல்போனை இறக்கினார். அடுத்த பில்டிங் ரவிச்சந்திரன்.

"சார், நீங்க கவிதையெல்லாம் சொல்லுவேளா! அப்படியே நிஜம் மாதிரின்னா இருந்தது! வீடியோ பிடிச்சு நம்ம தமிழ் குரூப்ல போட்டுட்டேன்."

"ஐயையோ, எடுத்துடும் ஓய்! உம்மைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"என்ன அடக்கம் சார் உங்களுக்கு! பாருங்கோ, அதுக்குள்ள பதினாலு பேர் கைதட்டிட்டா."

அந்தக் குரூப்பில் பட்டுவும் இருந்தாள்.

மகாதேவனின் போன் அடித்தது. எடுத்தார். முதலில் குக்கர் விசில் மட்டும் கேட்டது. பிறகு அவள்.

"என்கிட்ட சொல்லாததை ஊருக்குச் சொன்னேளா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு மழைப் பக்கம் திரும்பினார். பின்னால் கிழவர்கள் தரையைத் தட்டினார்கள். "அஜூன் ஏக்! அஜூன் ஏக்!" இன்னும் ஒன்று வேண்டுமாம்.