மூன்றாம் வகுப்பில் மூன்று வாரம்

பத்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாள், எங்கள் பள்ளியின் தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். எனக்கு டீச்சர் ஆக ஆசை என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மரக்காணம் உப்பளத்தை ஒட்டியிருந்த தொடக்கப் பள்ளியில் லீவு விட இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்றாம் வகுப்பு டீச்சருக்குத் துணையாக அங்கே போய் இரு, ஒழுங்காகச் செய்தால் பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும்போது நானே கடிதம் தருகிறேன் என்றார். சரி சிஸ்டர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். 

அப்போது எனக்குப் பதினாறு வயது. ஏன் டீச்சர் ஆக நினைத்தேன் என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் மேல் பிரியமெல்லாம் இல்லை. எனக்கு எல்லோரிடமும் பயம். அப்பாவிடம், பஸ் கண்டக்டரிடம், மாதா கோயிலில் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டால் சாமியாரிடம். எங்கள் கோயில் தெருவில் ஒரு டீச்சர் இருந்தார். அவர் குடை பிடித்து நடந்து வந்தால் ஆண்கள்கூட சைக்கிளை விட்டு இறங்குவார்கள். அவரைப்போல் ஆகிவிட்டால் யாருக்கும் பயப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் நாள் போனேன். நீளமான ஓட்டுக் கட்டடம், நடுவில் ஒரு மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு. அந்தப் பக்கம் தலைமை ஆசிரியர் ஐந்தாம் வகுப்பு எடுத்தார். நாற்பது பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். நான் பேசியது முதல் வரிசையைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததும், தட்டிக்கு அப்பால் தலைமை ஆசிரியர் மேசையைத் தட்டினார். 

வகுப்பு டீச்சர் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருபவர். என் நிலைமையைப் பார்த்துவிட்டு அடிஸ்கேலை எடுத்துக் கொடுத்தார். "நீ பயந்தேன்னு தெரிஞ்சா புள்ளைங்க ஏறி மிதிச்சுடும்மா. கையில இது இருக்கட்டும்," என்றார்.

ஐந்தாம் நாள் அவருடைய பஸ் வரவில்லை. வகுப்பு முழுக்க என் பொறுப்பு. எட்டாம் வாய்ப்பாட்டைப் போர்டில் எழுதிக்கொண்டு வந்தேன். காது தட்டிப் பக்கமே இருந்ததில் ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று எழுதிவிட்டேன். மூன்றாம் வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், ஐம்பத்தாறு," என்றாள். வகுப்பே சிரித்தது. தட்டிக்கு அப்பால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கையில் ஒரு அடி போட்டு உட்கார வைத்துவிடலாம் என்று ஓங்கினேன். அவள் குனிந்தாள். ஸ்கேலின் விளிம்பு வலது புருவத்துக்கு மேலே கிழித்தது.

ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. முந்தானையால் அழுத்திப் பிடித்தேன். அவள் அழவே இல்லை. தலைமை ஆசிரியர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் முந்தானையை இன்னும் அழுத்திப் பிடித்தேன்.

"கீழ விழுந்துட்டேன் சார். பலகை முனை குத்திடுச்சு," என்றாள் அந்தப் பிள்ளை.

காயத்தில் காப்பித்தூள் வைக்கச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நாற்பது பிள்ளைகளும் பார்த்திருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன்பிறகு அன்று முழுக்க வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்டிருக்கும்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கண் போயிருக்குமோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. வகுப்பு டீச்சரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் சகஜம், உப்பு வாரும் காலம் என்பதால் வேலைக்குக் கூட்டிப் போயிருப்பார்கள், நீயாகப் போய்க் கிளறினால் உன் கடிதம்தான் போகும் என்றார். கேட்கும்போது ஆறுதலாக இருந்தது. ஆனால் தலையில் கூடையோடு எந்தப் பெண் பள்ளிக்கூட வாசலைக் கடந்தாலும் அவளுடைய அம்மாதான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த அம்மா வருவாளோ என்று காத்திருப்பதைத் தாங்க முடியாமல்தான், மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் நானே உப்பளத்துக்குப் போனேன். தைரியத்தில் போகவில்லை.

வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. பாத்திகளுக்கு நடுவே வரப்பில் விசாரித்துக்கொண்டே நடந்தேன். உப்புக் குவியல் ஒன்றின் பக்கத்தில் அவளும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். புருவத்தின் மேல் ஒரு துணி. இமை வீங்கியிருந்தது, ஆனால் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான் பேசுவதற்கு முன்னால் அங்கிருந்தே சொன்னாள்.

"நான் சொல்லல டீச்சர். யாருகிட்டயும் சொல்லல."

அந்த அம்மா கூடையைக் கீழே வைத்தாள்.

"நான்தான் அடிச்சேன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

"எதுக்கு? கணக்கு தப்பா சொன்னாளா?"

"இல்லீங்க. நான்தான் தப்பா எழுதினேன். அவ சரியா சொன்னா."

சுற்றி வேலை செய்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அறை விழும் என்று கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மூணு நாளா ஸ்கூலுக்குப் போமாட்டேன்னு அழுவுது. ஏன்னு கேட்டா சொல்லல. எனக்குப் பயப்படாது, அவங்கப்பனுக்கும் பயப்படாது. உனக்குப் பயப்படுது." அவள் கூடையை எடுத்தாள். "நாளைக்கு அனுப்பறேன். இன்னொரு தடவ கைய வச்சே, நான் அங்க வருவேன்."

எனக்கும் ஒரு ஜீவன் பயப்படும் என்பது அதுவரை என் புத்திக்கு எட்டியதில்லை. வரப்பில் திரும்பி நடக்கும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்று மாலையே சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். வேறு வாய் வழியாக அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயம் அதற்கும் காரணம்.  கடிதம் இல்லை, ஆனால் மிச்ச நாளுக்கும் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். போனேன். ஸ்கேலை டீச்சரிடமே கொடுத்துவிட்டேன். வகுப்பு இரைந்தது. தலைமை ஆசிரியர் இரண்டு முறை வந்து பிள்ளைகள் முன்னாலேயே என்னைத் திட்டினார். நின்று கேட்டுக்கொண்டேன். அவள் அம்மா சொன்னபடி அந்தப் பிள்ளை மறுநாள் வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். போர்டில் எழுத நான் கையைத் தூக்கினால் அங்கே அவள் தோள் சுருங்கும். கடைசி நாள்வரை அது நிற்கவில்லை.

அடுத்த வருடம் பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துக் கடிதம் இல்லாமலே விண்ணப்பித்தேன். முதல் வருடம் இடம் கிடைக்கவில்லை, இரண்டாம் வருடம் கிடைத்தது. பயிற்சி முடித்து, முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். அந்தப் பிள்ளை நான்காம் வகுப்புக்குப் போய்விட்டாள் என்று அந்தக் கோடை லீவு முடிந்த ஜூன் மாதமே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நேரில் போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.