ஒரே ஒரு கொப்புளம்

தலை பின்னும்போதுதான் அம்மா அதைப் பார்த்தாள். கழுத்துக்குப் பின்னால், முடி ஆரம்பிக்கிற இடத்தில், ஒரே ஒரு கொப்புளம். விரல் வைக்கவில்லை. குனிந்து பார்த்தாள். சீப்பைக் கீழே வைத்தாள். இன்றைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றாள். நான் அப்போது நாலாவது. எனக்குச் சந்தோஷம்தான்.

கோட்டூர்புரத்தில் ஆற்றை ஒட்டி எங்கள் வீடு. பக்கத்து வீடு பெரியப்பாவுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். மறுநாள் அங்கே அத்தைக்கு வளைகாப்பு. அத்தை அப்பாவுக்குத் தங்கை. தி.நகரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். அன்று மத்தியானம் ஆட்டோவில் வருவதாக இருந்தது. பந்தல் போட்டாகிவிட்டது. வளையலும் வாங்கியாகிவிட்டது. எனக்குப் பச்சை வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன்.

அம்மா ஆற்றோரம் போய் ஒரு கொத்து வேப்பிலை ஒடித்து வந்தாள். வாசலில் அதைக் கட்டினால் உள்ளே அம்மை என்று அர்த்தம். யாரும் உள்ளே வர மாட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சி அந்தப் பக்கமே வர மாட்டாள்.

அப்பா சொல்லிப் பார்த்தார்.

“கொசு கடிச்சிருக்கும். நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்க. சடைய எறக்கிப் பின்னு, மறைஞ்சிடும். யாருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரிஞ்சிபோச்சே” என்றாள் அம்மா. கட்டிவிட்டாள்.

அம்மாவுக்கு இதில் ஏற்கெனவே கெட்ட பேர். முந்தின கோடையில் எனக்கு வேர்க்குரு வந்ததற்கு வேப்பிலை கட்டி, தெருவே சிரித்தது. இப்போதும் எதிர்வீட்டுக்காரி குடத்தோடு நின்று கேட்டாள்.

“இன்னாக்கா, போன தபா வேர்க்குரு. இந்த தபா கொசுக்கடியா?”

கேட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டது. அதற்கு அடுத்ததும்.

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“தங்கச்சி வர்ற நேரம். அவுத்துப் போடு. அம்மைதானான்னு மொதல்ல டாக்டராண்ட காட்டு. அப்பால கட்டு.”

“அம்மையோ கொசுவோ, அத அப்பால பாத்துக்கலாம் மாமா. மொதல்ல சொல்லிடணும்.”

அவர் கையை நீட்டினார். அம்மா நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“கை வெக்காதீங்க.”

பெரியப்பா எதிரே அம்மா உட்காரக்கூட மாட்டாள். அவரிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போல. நீட்டின கை அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து ஆட்டோ வந்தது. அத்தை ஒரு காலைக் கீழே வைத்தாள். வேப்பிலையைப் பார்த்தாள். வைத்த கால் உள்ளே போய்விட்டது.

“எம் புள்ளமேல கண்ணு வெச்சிட்டா இவ! நல்லா இருக்கட்டும்!”

ஆட்டோ திரும்பிப் போகிற வரைக்கும் கத்தினாள்.  அம்மா நிலைப்படியை விட்டு நகரவில்லை.

சாயங்காலத்துக்குள் எனக்கு முதுகெல்லாம் போட்டுவிட்டது. இரண்டு வாரம் கழித்து பெரியப்பாவின் சின்னப் பையனுக்கும் போட்டது. அவர் தானே போய் வேப்பிலை ஒடித்து வந்தார். எங்கள் வாசலைப் பார்க்காமல் கட்டினார்.

வளைகாப்பு தி.நகரில் நடந்தது. எங்களைக் கூப்பிடவில்லை. பிள்ளை பெறும் வரை அத்தை அம்மாவோடு பேசவில்லை. பெற்ற பிறகு எல்லாம் பேசினாள். இதை மட்டும் பேசவில்லை.

பிறந்தது பெண். இப்போது நர்சிங் படிக்கிறாள். நான் எட்டாவதோடு நின்றவள். எங்கள் கோட்டூர்புரத்துப் பெரிய நூலகத்துக்குக் கொஞ்சம் தள்ளி இஸ்திரி வண்டி போட்டிருக்கிறேன். பரீட்சை வந்தால் அவள் நூலகத்தில் படித்துவிட்டு என் வண்டிக்கு வந்து டீ குடிப்பாள். படித்ததை ஒப்பிப்பாள். போன மாதம் வைரஸ் பாடம்.

“புதுசா ஒண்ணு வந்தா ஒடம்புக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“யாருன்னு தெரியாதுக்கா. வைரஸ் செல்லுக்குள்ள பூந்துச்சின்னா, அது கொண்டாந்த சரக்கு இருக்கக்கூடாத எடத்துல கெடக்கும். இல்லன்னா நம்மளுது மாதிரி இருக்காது. அதப் பாக்கறதுக்குன்னே உள்ள காவல் கீது. பேரு, ஊரு எதுவும் கேக்காது. ஒடனே பக்கத்து செல்லுக்கெல்லாம் சேதி அனுப்பிடும். அதுங்க உஷாராயி கதவ சாத்திக்கும். மாட்டிக்கின செல்லு செத்தாக்கூட சேதி போயிடும்.”

“தப்பா சேதி அனுப்பிட்டா?”

“அதுவும் உண்டு. சும்மானாச்சும் கத்தி ஒடம்பப் படுத்தும். ஆனா வந்தது யாருன்னு கண்டுபுடிச்சி அதுக்குன்னே ஆயுதம் செய்ய நாளாவும்க்கா. அதுவரைக்கும் இந்தக் காவல்தான் தாங்கணும்.”

“காய்ச்சல்?”

“அது வைரஸ் போடறது இல்ல. சேதி போனதும் ஒடம்பே சூட்ட ஏத்திக்குது.”

நான் அவளிடம் அந்த நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி சூடாகியிருந்தது. அடுத்த சட்டையை விரித்தேன்.

வேப்பிலை கட்டின அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் கிடந்தேன். பக்கத்தில் பந்தலைப் பிரிக்கிற சத்தம். கண் எரிந்தது. மூச்சு சுட்டது. அம்மை என்னைக் கொளுத்துது என்று அம்மாவிடம் அழுதேன். கொதித்தது அம்மை இல்லை, நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.