கட்டிலுக்கு அடியில் ஒரு ஆன்டெனா

எங்கள் அலுவலகக் குடியிருப்பின் விதி இது: எழுத்துமூல அனுமதியின்றி மொட்டைமாடியில் எந்தக் கம்பமும் நடக் கூடாது, விண்ணப்பத்துக்கு முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் என்ன என்று விதி சொல்லாது. அதை எழுதியவன் நான். எழுதியபோது அது குறையாகத் தெரியவில்லை.

கேபிள் வராத காலம். பெங்களூர் அடுகோடியில் எங்கள் வீடு மூன்றாவது மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே. மனைவிக்கு ஆறாம் மாதம். படுக்கையை விட்டு எழக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவள் தூக்கி வளர்த்த தங்கை சென்னைத் தொலைக்காட்சியில் முதல்முறையாகச் செய்தி வாசிக்கப்போவதாகக் கடிதம் வந்தது. நேரடி ஒளிபரப்பு; தவறினால் தவறியதுதான். ஐந்து வாரம் இருந்தது. ஓசூர்ப் பக்கத்துச் சிறு நிலையம் வழியாகத்தான் அது எங்களை எட்ட வேண்டும். வீட்டுக்குள் வைத்திருந்த எங்கள் பழைய ஆன்டெனாவில் வெறும் புள்ளிதான் தெரியும்.

பிரேசர் டவுனில் ஆன்டெனா செய்து விற்கும் பாயிடம் போனேன். எல்லாச் சேனலும் பிடிக்கிற பெரியதும், கூடவே பூஸ்டரும் கேட்டேன்.

"அது வேணாம் சார். பூஸ்டர் போட்டா பெங்களூர் ஸ்டேஷனும் சேந்து கத்தும், ஓசூர் அமுங்கிடும். அந்த ஒரே சேனலுக்கு அளவெடுத்து பதினோரு குச்சி வெச்சுத் தர்றேன். ஒசரமா நிறுத்தி மூஞ்சிய ஓசூர் பக்கம் காட்டுங்க, போதும்."

அதையே வாங்கினேன். வேறு யாராவது என்றால் அன்று மாலையே நட்டிருப்பார்கள். நான் மூன்று பிரதிகளில் விண்ணப்பித்துவிட்டு, ஆன்டெனாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"எதுத்த பிளாக்ல நாலு கம்பம் நிக்குது. அவங்கல்லாம் யாரைக் கேட்டாங்க?" என்றாள் மனைவி.

"அவங்க யாரும் விதி எழுதலையே."

"அவ வாசிக்கிறதுக்குள்ள ஒங்க கடுதாசி வருமா, வராதா? அத மட்டும் சொல்லுங்க."

முப்பதாம் நாள் கழிந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். தங்கை செய்தி வாசிக்கும் வெள்ளிக்கிழமையும் வந்தது, பதில் வரவில்லை. காலையிலிருந்து மனைவி என்னுடன் பேசவில்லை.

செய்திக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆன்டெனாவை வெளியே இழுத்து, பன்னிரண்டடிக் குழாயில் மாட்டி, மாடிக்கு ஏறினேன். நடக் கூடாது என்றுதான் விதி. கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று எங்கும் இல்லை.

காற்று பலமாக இருந்தது. பொம்மசந்திரா பக்கம் மின்னியது. நான் இரும்புக் குழாயை அணைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மாள் படிக்கட்டில் நின்று, உள்ளேயிருந்து மனைவி சொல்வதை மேலே கத்தினார்.

"அண்ணா, புள்ளிதானாம்! ஸ்வல்ப ரைட்டுக்கு!"

திருப்பினேன்.

"கொரல் வருதாம், மூஞ்சி இல்லயாம்! இன்னும் ஸ்வல்ப!"

மயிரிழை திருப்பினேன்.

"அலுகாடபேடி! அசையாதீங்க அண்ணா!"

அதன்பிறகு கீழிருந்து சத்தமே இல்லை. படம் நிற்கிறதா, போய்விட்டதா என்று கேட்கவும் பயம். கேட்கத் திரும்பினால் குழாயும் திரும்பும். தூறல் விழுந்தது. தோள் மரத்தது. கால் மணி நேரம் கழித்து அந்த அம்மாள் "ஆயித்து, எறங்குங்க" என்றார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு ஊர் பேர்ல தடுக்கினா. சமாளிச்சிட்டா." பிறகு, "கை ரொம்ப வலிக்குதா?" என்றாள்.

ஆன்டெனா மறுபடி கட்டிலுக்கு அடியில் போனது. கம்பம் நட அனுமதித்து, தாமதம் பற்றி ஒரு வரியும் இல்லாமல் பதில் வந்தது, எங்கள் மகளுக்குப் பெயர் வைத்த நாளன்று.